வண்டிக்கு விலை உண்டு, வாடிய நாட்களுக்கு இல்லையா?

விபத்திலே வண்டி நொறுங்குகிறது. உயிர் தப்புகிறது. ஊரார் கூடி, "போனது இரும்புதானே, உயிர் பிழைத்ததே, அது போதும்!" என்று ஆறுதல் கூறுகிறார்கள். நல்ல உள்ளம் படைத்தவர்கள். அவர்கள் கூறுவதிலே குற்றம் காண்பதற்கில்லை. ஆனால் அதே சொல்லை, மோதிய காரின் இன்ஷூரன்ஸ் கம்பெனியும் கூறத் தொடங்கும்போதுதான் நமக்கு ஐயம் பிறக்கிறது. ஊரார் கூறினால் அது ஆறுதல். கம்பெனி கூறினால் அது கணக்கு!

எண்ணிப் பாருங்கள். விடியுமுன் துறைமுகம் சென்று மீன் எடுத்து, பெட்டியைப் பின்னே கட்டி, ஊர் ஊராக விற்று வரும் ஒரு தொழிலாளி. மோட்டார் சைக்கிள் அவருக்கு உல்லாசப் பொருளல்ல. உலை கொதிக்க உதவும் விறகு. பின்னால் வந்த கார் மோதுகிறது. தவறு கார்க்காரருடையது, அதிலே இரு வேறு கருத்து இல்லை. சர்வேயர் வருகிறார், பார்க்கிறார், "பழுது பார்த்துப் பயனில்லை, முழு நட்டம்" என்று எழுதிவிட்டுப் போகிறார். வண்டியின் கதை அத்துடன் முடிகிறது. வண்டிக்காரரின் கதை அங்கேதான் தொடங்குகிறது!

முழு நட்டம் என்றால் என்ன? வண்டிக்கு முழுக் காப்பு பாலிசி வைத்திருப்பவருக்கு, கம்பெனி ஒரு மதிப்பை எழுதி வைத்திருக்கும். தயாரிப்பாளர் குறிக்கும் விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்து வருவது அந்த மதிப்பு. மூன்றாண்டு கடந்து நான்காண்டு ஆகாத வண்டிக்கு நூற்றுக்கு 40 கழிவு. ரூ. 1,00,000 விலையுள்ள வண்டி ரூ. 60,000 ஆகிவிடும். பழுது பார்க்கும் செலவு அந்த மதிப்பில் 75 விழுக்காட்டை, அதாவது ரூ. 45,000-ஐத் தாண்டினால், அது முழு நட்டம்.

சரி, அறுபதாயிரம் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அதைக் கொண்டு பழைய வாழ்வுக்குத் திரும்பிவிட முடிகிறதா? நொறுங்கிய வண்டியைத் தூக்கிச் செல்ல ஆன கூலி என்ன? பொதுவான பாலிசி, இருசக்கர வண்டிக்கு அதற்கென ரூ. 300 வரைதான் தருகிறது. உடைந்த தலைக்கவசம்? சிதறிய மீன்பெட்டி? வேறு வண்டி வாங்கினால் மறுபடி கட்டவேண்டிய பதிவுக் கட்டணமும் ஆயுள் வரியும்? வண்டி வரும்வரை வாடகை வண்டிக்கும் ஆட்டோவுக்கும் அழுத பணம்? தொழில் நின்ற நாட்களில் வராத வருமானம்? "விபத்தின் விளைவாக வரும் பிற நட்டங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல" என்று சொந்தக் கம்பெனியின் பாலிசி முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிறது. இதுவும் முழுக் காப்பு வைத்திருப்பவரின் நிலை. மூன்றாம் நபர் காப்பு மட்டும் வைத்திருக்கும் ஏழை எளியவருக்குச் சொந்தக் கம்பெனி தருவது என்ன? வண்டிக்கென ஒரு காசும் இல்லை!

பிறகு யாரைக் கேட்பது? தவறு செய்தவரைத்தான்!

இது பிச்சையல்ல, பரிவுமல்ல. ஒருவன் செய்த தவறால் மற்றவன் இழந்தால், பணத்தால் இயன்ற அளவுக்கு, அந்தத் தவறே நேராதிருந்தால் எந்த நிலையில் இருந்திருப்பானோ அந்த நிலைக்கு அவனைக் கொண்டு வந்து நிறுத்த வேண்டும். நட்டஈட்டுச் சட்டத்தின் அடிப்படையே இதுதான். தவறு செய்தவரிடம் பணம் இல்லாமல் போகலாம் என்பதற்காகவே, மூன்றாம் நபர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் ஆக்கப்பட்டது. 1939-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தில் எழுதப்பட்ட அந்தக் கட்டாயம், 1946-இல் நடைமுறைக்கு வந்தது. 1956-ஆம் ஆண்டுத் திருத்தம், கோரிக்கைத் தீர்ப்பாயங்களுக்கு வழி வகுத்தது. இன்று நடப்பிலுள்ள 1988-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அந்தத் தீர்ப்பாயங்கள் உண்டு.

"தீர்ப்பாயமா? அது செத்தவருக்கும் கை கால் முறிந்தவருக்கும் அல்லவா?" என்று பலர் எண்ணிக் கொண்டிருக்கிறார்கள். அல்ல, அல்ல! சட்டத்தின் 165-ஆம் பிரிவு, உயிரிழப்பு, உடற்காயம் ஆகியவற்றோடு, மூன்றாம் நபரின் பொருளுக்கு நேரும் சேதத்தையும் சேர்த்தே கூறுகிறது. 166-ஆம் பிரிவு, பொருளின் சொந்தக்காரரும் மனுச் செய்யலாம் என்கிறது. அதுமட்டுமா? விபத்து நடந்த ஊருக்குத்தான் அலைய வேண்டும் என்பதில்லை. தான் குடியிருக்கும் இடத்தின் தீர்ப்பாயத்திலேயே மனுக் கொடுக்கலாம். கதவு திறந்துதான் இருக்கிறது. கதவு இருப்பதே தெரியாமல் சுவரில் முட்டிக் கொண்டிருக்கிறோம்!

கம்பெனி சும்மா இருக்குமா? வாதங்களை அடுக்கும்.

முதல் வாதம்: "உங்கள் வண்டியின் பாலிசி மதிப்பு ரூ. 60,000, அதற்குமேல் பேச்சில்லை." ஐயா, அந்த மதிப்பு வண்டிக்காரரும் அவருடைய கம்பெனியும் தமக்குள் செய்துகொண்ட ஒப்பந்தம். அதிலே கையெழுத்துப் போடாத நீங்கள் அதை ஏன் கேடயமாக்குகிறீர்கள்? விபத்துக்கு முந்திய நாள் அந்த வண்டி சந்தையில் என்ன விலைக்குப் போயிருக்கும் என்பதல்லவா கேள்வி?

இரண்டாவது வாதம்: "உடைந்த பொருளுக்குத்தான் பணம், வாடகைக்கும் வருமானத்துக்கும் இல்லை." இங்கேதான் போராட்டமே இருக்கிறது. உழவனின் ஏர்மாட்டைக் கொன்றவன், "மாட்டின் விலை இதோ, உழாமல் போன வயலைப் பற்றி எனக்கென்ன?" என்று கேட்டால், ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புமா? வண்டியை உடைத்த அதே மோதல்தான் வருமானத்தையும் உடைத்தது. ஒரு காரணத்தின் இரண்டு விளைவுகளில் ஒன்றை ஏற்று மற்றொன்றை மறுப்பது எந்த ஊர் நியாயம்?

மூன்றாவது வாதம்: "எங்கள் பொறுப்புக்கு வரம்பு உண்டு." உண்டுதான். அந்த வரம்பின் வரலாற்றைக் கேளுங்கள்! பிறர் பொருளுக்கு நேரும் சேதத்துக்குச் சட்டம் கட்டாயமாக்கிய காப்பு ரூ. 6,000. 1988-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்ட அந்த ஆறாயிரம், 2022 மார்ச் வரை அசையாமல் நின்றது. அரிசி விலை ஏறிற்று, பெட்ரோல் விலை ஏறிற்று, ஆறாயிரம் மட்டும் ஏறவே இல்லை! நல்லவேளையாக, காருக்கான பாலிசிகள் ரூ. 7.5 இலட்சம் வரை பொறுப்பேற்பது வழக்கமாயிற்று. ஆனால் பிரீமியத்தில் சில ரூபாய் குறையும் என்பதற்காக, அதையே மீண்டும் ஆறாயிரமாகச் சுருக்கிக்கொள்ளவும் கார்க்காரருக்கு இடம் வைத்தார்கள். ஆகவே எதிரியின் பாலிசித் தாளை வாங்கிப் பார்க்க வேண்டும். கம்பெனியின் வரம்புக்கு மேற்பட்ட தொகைக்குக் காரின் சொந்தக்காரரும் ஓட்டியவரும் பொறுப்பு. அவர்கள் தப்ப முடியாது.

நான்காவது வாதம்: "சொந்தக் கம்பெனியிடம் வாங்கிவிட்டீர்களே!" ஒரே நட்டத்துக்கு இருமுறை கேட்பது முறையல்ல, நாமும் கேட்கச் சொல்லவில்லை. வாங்கியதை விட்டுவிட்டு, வாங்காததைக் கேட்கிறோம். ஆனால் ஒரு எச்சரிக்கை. பணம் தரும்போது ஒரு தாளை நீட்டுவார்கள். "இதுவே முழுத் தீர்வு, யாரிடமும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருந்தால், படிக்காமல் கையெழுத்திடாதீர்கள். அந்த ஒரு கையெழுத்தைக் காட்டியே பிறகு வாயை அடைப்பார்கள்.

உரிமை இருந்தால் மட்டும் போதாது, சான்று வேண்டும். போலீஸில் புகார் பதிவாக வேண்டும். இரு வண்டிகளின் எண், எதிரியின் பாலிசி எண், விபத்து நடந்த இடத்தின் படங்கள் கையில் இருக்க வேண்டும். சர்வே முடியுமுன் வண்டியைப் பழைய இரும்புக்குப் போடக் கூடாது. வாடகைக்கு ரசீது, தூக்குக் கூலிக்கு ரசீது, தலைக்கவசத்துக்கு ரசீது, வருமானத்துக்குக் கணக்குப் புத்தகம் வேண்டும். ரசீது இல்லாத செலவு, நீதிமன்றத்தில் நடக்காத செலவு! அளவும் வேண்டும்: பத்து நாளில் வேறு வண்டிக்கு வழியிருக்க, பத்து மாத வாடகையைக் கேட்டால் எந்த நீதிபதியும் ஏற்கமாட்டார். நம் பக்கமும் கவனக்குறைவு இருந்தால் அந்தப் பங்கு கழிக்கப்படும்.

ஓட்டுநர், சொந்தக்காரர், கம்பெனி ஆகிய மூவருக்கும் எழுத்து மூலம் கோரிக்கை அனுப்புக. நாளைக் கடத்த வேண்டாம். 2022 ஏப்ரல் 1 முதல் நடப்புக்கு வந்த திருத்தம், விபத்து நாளிலிருந்து 6 மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும் என்கிறது. எதிரியின் கம்பெனிமீது நுகர்வோர் மன்றம் போகலாம் என்று யாரேனும் கூறினால் ஏமாற வேண்டாம். அவர்களுக்கு நாம் வாடிக்கையாளர் அல்ல, வழி தீர்ப்பாயந்தான். வக்கீலுக்குப் பணமில்லையா? 1987-ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோருக்கும், பழங்குடியினருக்கும், தொழிலாளருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. லோக் அதாலத்தில் சமரசமும் பேசலாம்.

இவ்வளவும் தனி மனிதர் செய்ய வேண்டியவை. ஆட்சி செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விபத்திலே ஒருவர் இறந்தால், குடும்பத்துக்கு என்னென்ன இனங்களில் எவ்வளவு என்று உச்சநீதிமன்றம் 2009-இலும் 2017-இலும் தெளிவாக வரையறுத்துவிட்டது. ஈமச்சடங்குச் செலவுக்குக்கூட ரூ. 15,000 என்று தொகை குறித்தது. நன்று. ஆனால் பிழைத்தவனின் பிழைப்புக்கு? மாண்டவருக்கு அட்டவணை உண்டு, மீண்டவரின் வண்டிக்கு இல்லை! தூக்குக் கூலி, மாற்று வண்டி வாடகை, மறுபதிவுச் செலவு, தொழில் நின்ற நாட்களின் வருமானம் ஆகிய இனங்களைச் சட்டத்திலே பெயர் சொல்லி எழுதுக. கம்பெனி 30 நாளில் தொகை கூற வேண்டும் என்றும், தவறினால் வட்டி என்றும் விதி செய்க. ஆறாயிரமாகச் சுருக்கும் சலுகை எங்கும் தலைகாட்டாதபடி செய்க.

கம்பெனிகள் நொடித்துவிடுமா? விபத்தே செய்யாத கோடிக்கணக்கானவரும் ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுகிறார்கள். என்றோ ஒருநாள், எங்கோ ஒருவருக்கு நேரும் இழப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்ளத்தான் அந்தப் பணம். வாங்கும்போது எல்லோரிடமும் வாங்கிவிட்டு, கொடுக்கும்போது பாதி இழப்பை இடிபட்டவர் தலையிலேயே கட்டுவதற்குப் பெயர் இன்ஷூரன்ஸ் அல்ல. கொடுக்க வேண்டியதைக் கணக்கிட்டுக் கொடுங்கள் என்கிறோம். கேட்பவர் குரலை உயர்த்தினால்தான் கணக்கு நேராகும்.