பறைக்குக் கைதட்டினால் மட்டும் போதுமா?

கொடைக்கானல் கோடை விழாவில் ஒரு முறை பறையாட்டம் பார்த்தேன். தொடங்குவதற்கு முன்னால் மேடைக்குப் பின்புறம் காகிதத்தைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். மலைப் பனிக்குத் தோல் தளர்ந்துவிடும். சூடு காட்டினால்தான் விறைப்பாகும். அடி விழுந்ததும் கூட்டம் ஆட ஆரம்பித்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் மட்டும், "இது சாவு மேளம்தானே தம்பி?" என்றார். ஆனால் அவரும் கடைசியில் பலமாகக் கைதட்டினார்.

அந்தக் கேள்வியும் கைதட்டலும் ஒரே ஆளிடமிருந்து வந்ததுதான் எனக்கு உறுத்தியது.

அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸில் ட்ரெமே என்று ஒரு கறுப்பினப் பகுதி உண்டு. அங்குள்ள காங்கோ சதுக்கத்தில் அடிமைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி மேளம் அடித்து ஆடினார்கள். ஜாஸ் இசையின் வேர்களில் ஒன்று அது. உலகமே அந்த இசையைக் கொண்டாடியது. ஆனால் 1960களில் அதே பகுதியின் கடைத்தெருவை அழித்து, மேலே நெடுஞ்சாலைப் பாலம் கட்டினார்கள். பாட்டு வேண்டும், தெரு வேண்டாம்!

நம் கதை இன்னும் சிக்கலானது. தெற்குக் கரோலினாவில் 1739 கிளர்ச்சிக்குப் பிறகு, 1740இல் அடிமைகள் மேளம் அடிக்கக் கூடாது என்று சட்டம் போட்டார்கள். இங்கே தலைகீழ். "நீதான் அடிக்க வேண்டும்" என்று கையில் திணித்தார்கள். ஊரில் சாவு விழுந்தால் சேரியிலிருந்து ஆள் வந்தாக வேண்டும். அதனால்தான் காட்டுமன்னார்கோயில் பக்கம் எல். இளையபெருமாள் போன்றவர்கள் பறையடிக்க மறுப்பதையே போராட்டமாக நடத்தினார்கள். ஆக, "கலையை விட்டுவிடாதீர்கள்" என்று வெளியிலிருந்து உபதேசம் செய்ய நமக்கு உரிமை இல்லை. மறுக்கிற உரிமை இருந்தால்தான் அது கலை. இல்லாவிட்டால் அடிமை வேலை.

மலையடிவாரத்திலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் இளம்பெண்கள் பறை அடிக்கிறார்கள். ஆண்கள் மட்டுமே அடித்துவந்த பறையைத் தாங்களாக விரும்பி எடுத்துக்கொண்டவர்கள். சாதிக்கும் பெண்ணடிமைக்கும் எதிராகப் பேசவும் அதே பறையைப் பயன்படுத்துகிறார்கள். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சந்தோஷம்தான்.

ஆனால் விருதும் மேடையும் பாதி வழிதான். என்னைக் கேட்டால், விழா பூங்காவில் மட்டும் நடக்கக் கூடாது. பறை பிறந்த தெருவிலும் நடக்க வேண்டும். என்ன வாசிப்பது, எவ்வளவு சம்பளம் என்பதை அந்தத் தெருக்காரர்களே முடிவு செய்ய வேண்டும். நாம் அங்கே விருந்தாளியாகப் போய் உட்கார்ந்து, அவர்கள் வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கைதட்ட வேண்டும்.

அதற்குத் தயாரில்லை என்றால், நாம் ரசித்தது வெறும் சத்தத்தைத்தான்.