அந்தரத்தில் ஒரு கோல்

கோலை உயர எறிந்துவிட்டு, அது கீழே வருவதற்குள் தானும் மூன்று சுற்று சுற்றி, முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிப் பிடிப்பது ஒரு வித்தை. அதையே ஆயிரக்கணக்கான ஜனங்கள் பார்த்துக் கொண்டிருக்க, வீசுகிற காற்றில் ஒற்றை ஆளாக நின்று செய்வது வேறு வித்தை. அமெரிக்காவில் சனிக்கிழமைதோறும் கல்லூரிக் கால்பந்து ஆட்டத்தில் 'பேட்டன்' சுழற்றும் பெண்களுக்கு இந்த இரண்டாவது வித்தைதான் வேலை.

கால்பந்து என்றதும் நம் ஊர்ப் பந்தை நினைத்துவிடாதீர்கள். அங்கே முட்டை வடிவப் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடுவதற்குத்தான் அந்தப் பெயர்! ஆட்டத்தின் நடுவே 20 நிமிஷம் இடைவேளை. அப்போது கல்லூரியின் பாண்டு கோஷ்டி மைதானத்தில் இறங்கும். அதற்கு முன்னால் ஜிகினா உடையில் நிற்பவள்தான் நம் கதாநாயகி.

இண்டியானா மாகாணத்தில் பர்டியூ சர்வகலாசாலை இருக்கிறது. சந்திரனில் முதலில் கால் வைத்த ஆர்ம்ஸ்ட்ராங் படித்த இடம். அவரும் அந்தப் பாண்டு கோஷ்டியில் ஊதியவர்தாம். அங்கே 1954-ல் ஜுவானிடா கார்ப்பெண்டர் என்ற மாணவி கோல் சுழற்ற வந்தாள். அந்த வருஷம் லென் டாஸன் என்ற ஆட்டக்காரரைத் 'தங்கப் பையன்' என்று கொண்டாடினார்களாம். பையன் இருந்தால் பெண் வேண்டாமா? இவள் 'தங்கப் பெண்' ஆனாள். அந்தப் பட்டம் இன்றுவரை ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

கோல் பார்வைக்குச் சாது. அப்பளக் குழவியைவிட மெல்லிய உலோகத் தண்டு. கை நீளம் இருக்கும். இரு முனையிலும் ரப்பர்க் குமிழ். ஒரு குமிழ் பெரிது, மற்றது சிறிது. ஆகையால் தண்டின் நட்ட நடுவில் பிடித்தால் எடை சமனாக நிற்காது. பெரிய குமிழ்ப் பக்கம் சற்றுத் தள்ளிப் பிடிக்க வேண்டும். அந்த இடத்தை விரல் தானாகக் கண்டுபிடிப்பதற்குள் எத்தனை விரல் வீங்கியிருக்கும், எத்தனை மூக்கு அடிபட்டிருக்கும் என்று அவர்களைத்தான் கேட்க வேண்டும்!

ஆட்டம் பகல் 12 மணிக்கு என்றால் இவளுக்கு விடிவதற்கு முன்பே பொழுது புலர்ந்துவிடும். ஒரு முடிகூடப் பறக்காதபடி ஊசி குத்திக் கொண்டை போட வேண்டும். பிறகு ஒத்திகை, ஊர்வலம், குழந்தைகளோடு நின்று புகைப்படம். வாய் சிரித்துக்கொண்டிருக்கும், கண் மட்டும் கொடிக் கம்பத்தையே பார்க்கும். கொடி எந்தப் பக்கம் பறக்கிறது? காற்று அடிக்கும் பக்கம் கோலும் போய்விடுமே! செப்டம்பரில் வியர்வை வழுக்கும். நவம்பர் குளிரில் உலோகம் பனிக்கட்டியாகி விரல் மரத்துப் போகும். பாண்டுக்காரர்களுக்குக் கனமான சட்டை உண்டு. இவளுக்கு அதே ஜிகினாதான். இரு முனையிலும் தீ வைத்துச் சுழற்றுகிறவர்களும் உண்டு. நவம்பரில் அவர்களைப் பார்த்தால் எனக்குப் பயத்துக்குப் பதில் பொறாமைதான் வரும்.

கோல் விழுந்துவிட்டால்? ஆட்டக்காரன் பந்தை நழுவவிட்டால் பழி 11 பேருக்குப் பங்காகும். இவளுக்குப் பங்காளி யார்? தொட்டுப் பிடிக்க முடியாமல் புல்லில் உருளும் கோலை, முகத்தில் சிரிப்பு மாறாமல், இதுவும் ஆட்டத்தில் ஓர் அடவு என்பதுபோல் குனிந்து எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம், அடுத்த எறியைத் தாழ்வாக எறிந்து தப்பித்துக்கொள்ளாமல் முன்போலவே உயர எறிவது. கைதட்டுகிறவர்கள் அந்த இரண்டாவது எறிக்குத் தட்ட வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இத்தனை செய்பவளைக் கல்லூரி விளையாட்டு வீராங்கனை என்று ஏற்கிறார்களா? இல்லை! பேட்டனுக்கு உலகப் போட்டியே 1980-ல் ஸியாட்டில் நகரில் தொடங்கிவிட்டது. ஆனாலும் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் தேசியச் சங்கத்தின் பட்டியலில் அதற்கு இடம் இல்லை. பாண்டு வாத்தியத்தோடு சேர்ந்த அலங்காரம் என்றே கணக்கு. சில கல்லூரிகள் படிப்புக்கு உதவித் தொகை தருகின்றன, நல்ல காரியம். ஆனால் ஆறு வயதிலிருந்து தினம் சாதகம் செய்தவளை அலங்காரம் என்று சொல்லி, பந்தை இடுக்கி ஓடுகிறவனை மட்டும் வீரன் என்பது என்ன கணக்கோ!

இடைவேளை முடிந்ததும் ஜனங்களுக்கு அவள் நினைவு இராது. பந்து திரும்ப வந்துவிடும். அவள் மேலங்கியைப் போர்த்திக்கொண்டு, பாண்டு கோஷ்டி நடுவே கை விரல்களைத் தேய்த்தபடி உட்கார்ந்து, தன் கல்லூரி ஜெயிக்கிறதா என்று எல்லோரையும்போல் கத்துவாள். இரவு அறைக்குத் திரும்பினால் மணிக்கட்டுக்கு ஐஸ் கட்டி, திங்கட்கிழமைப் பரீட்சைக்குப் பாடம். மடியில் ஊசியும் நூலும், உதிர்ந்த ஜிகினாவைத் தைக்க.