வாக்குத்தத்த அட்டையும் முழு நிருபமும்



டிசம்பர் 31ஆம் தேதி நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டை எடுப்பது நம் குடும்பங்களில் வேரூன்றிய வழக்கம். அவ்வட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வருகிறது. தம்முடைய ஜனத்தைக்குறித்துக் கர்த்தர் நன்மையையே எண்ணியிருக்கிறார் என்று அவ்வசனம் உறுதியளிக்கிறது. அதைப் பெற்றவர் மகிழ்ந்து, சட்டமிட்டுச் சுவரில் மாட்டுகிறார். மகிழ்வது நல்லதே. ஆனால் அவ்வசனம் யாருக்கு, எந்தச் சூழ்நிலையில் எழுதப்பட்டது என்று வினவினால் விடைகூறக்கூடியவர் நம்மில் எத்தனை பேர்?

அது ஒரு கடிதத்தின் நடுப்பகுதி. கி.மு. 597இல் எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குத் திருமணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைபிடித்த பட்டணத்தின் நலனுக்காகவும் ஜெபியுங்கள் என்கிறது அக்கடிதம். அட்டையில் இடம்பெறும் வசனத்துக்கு முந்திய வசனமோ எழுபது ஆண்டுகள் என்று கணக்குச் சொல்கிறது. கடிதம் வாசிக்கப்பட்டபோது முப்பது வயதாயிருந்தவர் ஊர் திரும்பப்போவதில்லை. அவருடைய பேரப்பிள்ளைகள் திரும்பக்கூடும். இதுவே அவ்வாக்குத்தத்தத்தின் முழு எடை. அது நீண்ட இருளில் நடப்பவருக்குத் தரப்பட்ட விளக்கு. இந்த ஆண்டு முடிவதற்குள் கைக்கு வந்துசேரும் பரிசுச்சீட்டு அன்று.

இதற்கு முந்திய அதிகாரத்தையும் வாசியுங்கள். அனனியா என்னும் தீர்க்கதரிசி, இரண்டே ஆண்டுகளில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் ஜனங்கள் முன்பாக முழங்கினான். அவனும் கர்த்தருடைய நாமத்தில்தான் பேசினான். எரேமியாவின் கழுத்திலிருந்த நுகத்தடியை முறித்துக் காட்டவும் செய்தான். கேட்டவர்களுக்கு எந்தச் செய்தி இனித்திருக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால் கர்த்தர் அனுப்பாத செய்தியைப் பேசியவன் அவன் என்று வேதம் பதிவுசெய்கிறது.

எரேமியாவின் வசனத்தை எடுத்து அனனியாவின் பிரசங்கத்தைச் செய்வதே இன்று நம் நடுவே நிகழும் கொடுமை. இந்த ஆண்டே வீடு, இந்த மாதமே வேலை, இந்த வாரமே சுகம் என்று தவணை குறித்துக் கொடுக்கிறார்கள். தவணை தப்பினால், “உமக்கு விசுவாசம் போதவில்லை” என்கிறார்கள். வேலை கிடைக்காத வாலிபன்மேல் குற்றவுணர்வும் ஏற்றப்படுகிறது. நோயுற்ற தாய், சர்க்கரை மாத்திரையை நிறுத்துவதே விசுவாசம் என்று நம்பவைக்கப்படுகிறார். வசனத்தைத் துண்டாக்கி வாசிப்பதன் விலையை மேடையில் நிற்பவர் கொடுப்பதில்லை. கீழே அமர்ந்திருப்பவரே கொடுக்கிறார்.

இதைச் சுட்டிக்காட்டினால் உடனே ஒரு மறுப்பு எழுகிறது: “ஆவியானவர் போதும், படிப்பு எதற்கு? எழுத்து கொல்லும் என்று பவுலே சொல்லவில்லையா?” செமினரி என்பது விசுவாசத்தின் செமிட்டரி என்று கேலி பேசுவோரும் உண்டு. பவுல் அப்படிச் சொன்ன 2 கொரிந்தியர் மூன்றாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். கற்பலகையில் எழுதப்பட்ட பழைய உடன்படிக்கையின் ஊழியத்தையும் ஆவியானவரின் புதிய உடன்படிக்கையின் ஊழியத்தையும் அவர் அங்கே ஒப்பிடுகிறார். வேதத்தை ஆராய்ந்து கற்பதை அவர் அங்கே கண்டிக்கவில்லை. மாறாக, மோசே முகத்தில் முக்காடிட்ட யாத்திராகமம் 34ஆம் அதிகாரத்தை எடுத்து நுணுக்கமாக விளக்குகிறார். தமது முடிவுகாலத்திலும் புத்தகங்களையும், விசேஷமாய்த் தோற்சுருள்களையும் கொண்டுவரும்படி தீமோத்தேயுவுக்கு எழுதியவர் அவர். கல்விக்கு எதிராக அவரைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமாகுமா?

இன்னும் ஒன்றைக் கேட்கிறேன். படிப்பு வேண்டாம் என்று சொல்பவர் கையிலுள்ள தமிழ் வேதாகமம் எப்படி வந்தது? 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்க் ஐயர், சிறுவர்களோடு அமர்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்தார். அதன்பின் அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சில் நிறைவுற்றது. சென்னையில் ஊழியஞ்செய்த பப்ரிசியுஸ் ஐயரின் புதிய ஏற்பாடு 1772இல் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியாரோடு இப்பணியில் உழைத்த ஆறுமுக நாவலர் ஒரு சைவர். அத்திருப்புதல் 1850இல் வந்தது. நம் வீடுகளில் இன்றும் வாசிக்கப்படும் திருப்புதல், பவர் ஐயரும் அவருடைய குழுவினரும் உழைத்து 1871இல் முழுமையாக வெளியிட்டது. சர்வேசுரன், பராபரன், தேவன், கடவுள் என ஆண்டவரை அழைக்கும் சொல்லுக்காகவே தலைமுறை தலைமுறையாக வாதித்திருக்கிறார்கள். எபிரெயமும் கிரேக்கமும் கற்றவர்களின் உழைப்பு ஒவ்வொரு பக்கத்திலும் கிடக்கிறது. அந்த உழைப்பின் கனியைப் புசித்துக்கொண்டே மரத்தைப் பழிப்பது நன்றிகெட்ட செயல்.

பழங்காநத்தத்தில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதையன்று. 1834இல் மதுரையில் தொடங்கிய அமெரிக்க மிஷன், 1845 முதல் நம் அண்டையிலுள்ள பசுமலையில் உபதேசிமாரைப் பயிற்றுவித்தது. இந்தப் பக்கம் அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரி நிற்கிறது. நம் ஊரில் சுவிசேஷமும் கல்வியும் கைகோத்தே வந்தன.

அப்படியானால் பட்டம் பெற்றவர் மட்டுமே வேதம் வாசிக்கவேண்டுமா? அல்லவே அல்ல. ஆண்டுக்கு ஒருமுறை வேதாகமத்தை முழுவதும் வாசித்துமுடிக்கும் பாட்டியார், துண்டு வசனங்களை அடுக்கும் பேச்சாளரைவிட வேதத்தின் போக்கை நன்கு அறிவார். எத்தியோப்பிய மந்திரி ஏசாயாவின் சுருளை வாசித்தபோது, விளங்குகிறதா என்று பிலிப்பு கேட்டார்; ஒருவர் வழிகாட்டாவிட்டால் எப்படி விளங்கும் என்று மந்திரி பணிவோடு விடையளித்தார். பிலிப்பை அவரிடம் அனுப்பியவர் ஆவியானவரே என்பதைக் கவனியுங்கள். ஆவியானவர் ஆசிரியரை விலக்கவில்லை, அனுப்பினார். பெரோயா பட்டணத்தாரோ பவுலின் பிரசங்கத்தையே வேதவாக்கியங்களோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள், அதற்காகப் புகழப்பட்டார்கள்.

ஆராயாதே என்று உங்களுக்குச் சொல்பவர் வேதத்தை எளிமையாக்கித் தரவில்லை. தமது வியாக்கியானத்தைக் கேள்வியின்றி ஏற்கச் சொல்கிறார். வேதம் அப்போது உங்கள் கையில் இராது; அவர் கையில் இருக்கும்.

ஆகவே ஒரு வசனம் உங்களைத் தொடும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதைச் சொல்பவர் யார், கேட்பவர் யார்? இதற்கு முன்னும் பின்னும் என்ன எழுதியிருக்கிறது? சிலுவையில் அறையுண்டு உயிர்த்த கிறிஸ்துவின் வெளிச்சத்தில் இது எப்படி விளங்குகிறது? என் பிரசங்கத்தையும் இக்கேள்விகளால் சோதித்துப் பாருங்கள். அது உங்கள் உரிமை, கடமையுங்கூட.

இவ்வாரம் எரேமியா 27 முதல் 29 வரையுள்ள அதிகாரங்களைக் குடும்ப ஜெபத்தில் ஒரே தொடர்ச்சியாக வாசியுங்கள். சுவரிலுள்ள அட்டையைக் கழற்றவேண்டாம். எழுபது ஆண்டுகள் காத்திருக்கும் ஜனத்தையும் கைவிடாத தேவன் அதில் பேசுகிறார் என்று அறிந்து, மறுபடியும் அதை நோக்கிப் பாருங்கள்.

கர்த்தர் உங்கள் மனக்கண்களைத் திறப்பாராக. ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் ஆயர்