எண்ணாமல் தையலை முடிக்கக் கூடாது

பிரசவம் முடிந்து பத்து நாள். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது. தாய்க்குத்தான் விட்டுவிட்டுக் காய்ச்சல். பக்கத்தில் உட்கார முடியாத நாற்றம். "புள்ளை பெத்த உடம்பு, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மாமியார். அவளும் வெட்கப்பட்டு, வெந்நீரில் குளித்துவிட்டுப் படுத்துக்கொள்கிறாள். கடலூர் மாவட்டம் வேப்பூரைச் சுற்றிய கிராமங்களில் மட்டுமல்ல, எந்த ஊரிலும் இப்படி ஒரு வீடு இருக்கக்கூடும். தையல் போடும்போது உள்ளே வைத்து, எடுக்க மறந்த காஸ் துணிகூட அந்த நாற்றத்துக்குக் காரணமாகலாம்.

சுகப்பிரசவத்தில் பிறப்புறுப்பு கிழிந்தாலோ, கத்தரித்து வழிவிட்டாலோ தைத்தாக வேண்டும். மேலிருந்து ரத்தம் வடிந்துகொண்டிருந்தால் தைக்கும் இடம் தெரியாது. அதற்காக உள்ளே காஸ் வைத்து அடைக்கிறார்கள். ரத்தத்தில் ஊறிய காஸ் சதையோடு சதையாகக் கிடக்கும். அதற்குள் பக்கத்துக் கட்டிலில் இன்னொருத்திக்கு வலி முற்றிவிடும்; உள்ளே வைத்தது மறந்துபோகும். எனவே, இரவுப் பணியில் தனியாகத் திண்டாடும் செவிலியரை மட்டும் குற்றவாளியாக்குவது நியாயமில்லை. ஆபரேஷன் தியேட்டரில் இருக்கும், காஸை எண்ணும் ஒழுங்கு, பிரசவ அறைக்கும் வந்தாக வேண்டும்.

இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை, இப்படிக் காஸ் உள்ளே தங்கிவிடுவதை 'ஒருபோதும் நடக்கக் கூடாதவை' பட்டியலில் வைத்திருக்கிறது. 2010-லேயே எச்சரிக்கை விடுத்தும் தவறு நிற்காததால், 2019-ல் இதற்கென்றே தனி விசாரணை அறிக்கை வெளிவந்தது.

நம் நாட்டில் 1963 ஜூலையில், அவுரங்காபாத் அரசு மருத்துவமனையில் பிரசவித்த பெண்ணுக்குக் கருத்தடை அறுவை செய்தபோது வயிற்றுக்குள் துணி தங்கிவிட்டது. சில நாளில் மறுபடி வயிற்றைத் திறந்து அதை எடுத்தும் அவர் பிழைக்கவில்லை. இன்னார் கையால் நடந்தது என்று காட்ட முடியாவிட்டாலும் அரசே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 1996-ல். இழப்பீடு 36,000 ரூபாய். அதற்கு அந்தக் குடும்பம் காத்திருந்தது கிட்டத்தட்ட 33 ஆண்டுகள்.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி (2019-21) தமிழ்நாட்டில் 99 சதவீதத்துக்கு மேல் பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. நம்பி வரும் அந்தத் தாய்மாருக்கு அரசு செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. வேப்பூர் வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடு வாங்குபவர்கூட வண்டியில் ஏற்றும்போதும் இறக்கும்போதும் எண்ணுகிறார். அதுபோல, தையலுக்கு முன்னும் பின்னும் இருவர் காஸை வாய்விட்டு எண்ணி, சுவர்ப் பலகையிலும் கேஸ் ஷீட்டிலும் எழுத வேண்டும். வால்நாடாவும் எக்ஸ்ரேயில் தெரியும் இழையும் உள்ள காஸ் மட்டுமே பிரசவ அறைக்கு வர வேண்டும். ரத்தத்தை நிறுத்துவதற்காக, வேண்டுமென்றே காஸை உள்ளே வைத்து அனுப்பினால், எத்தனை, எப்போது எடுக்க வேண்டும் என்பதைத் தாயிடமும் சொல்ல வேண்டும்.

அப்படியும் தவறு நடந்துவிட்டால் மூடி மறைப்பது இரண்டாவது குற்றம். எடுத்துவிட்டு, வேறேதும் தங்கியிருக்கிறதா என்று பார்த்து, கிருமித் தொற்றுக்கு மருந்து கொடுத்து, நடந்ததை அந்தப் பெண்ணிடம் நேராகச் சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். வீடு தேடி வரும் கிராம சுகாதார செவிலியர், குழந்தையின் எடையோடு தாயின் தையலைப் பற்றியும் நாற்றத்தைப் பற்றியும் கேட்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நாற்றமோ காய்ச்சலோ இருந்தால் குழந்தையின் தடுப்பூசி நாள்வரை காத்திருக்காதீர்கள். அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்று, உள்ளே பரிசோதித்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.