மண் கலராம், மண் கலர்! எந்த ஊரு மண்ணு அது?

போன வாரம் தம்பி மகன் புது வீட்டுக்குப் பெயிண்ட் எடுக்கணும்னு என்னையும் கோவில்பட்டிக்குக் கூட்டிட்டுப் போனான். கடைக்காரர் ஒரு அட்டையை விரிச்சார். பழுப்பிலேயே இருபது வகை இருக்கும். "இப்ப எல்லாரும் ஹாலுக்கு இந்த மண் கலர்தான் அடிக்கிறாங்க அண்ணாச்சி"ன்னார். நான் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். கரிசக்காட்டுல பொறந்து ஐம்பத்தஞ்சு வருசமா இதே மண்ணை மிதிக்கிறவன் நான். அதுல ஒரு கட்டம்கூட எங்க மண்ணு கலர்ல இல்லை. எங்க மண்ணு கருப்பு. அப்ப இது எந்த ஊரு மண்ணு?

பெயிண்டர் கேட்டது நாப்பத்தஞ்சாயிரம். ஹாலுக்கும் முன்பக்கத்துக்கும் மட்டும். பட்டி பார்த்து, பிரைமர் அடிச்சு, மேல ரெண்டு கோட் எமல்சனாம். அதோட போன்ல ஒரு வீடியோவையும் காட்டுறான். அதுல ஒரு பொண்ணு, ஹால்ல பழுப்புச் சுவர் இருந்தா படம் எதுவும் மாட்டக்கூடாது, காலண்டர் தொங்கக்கூடாது, சுவர் 'மூச்சு விடணும்'னு சொல்லுது. "அப்ப தாத்தா ஆச்சி போட்டோ எங்கடா?"ன்னேன். "உள் ரூம்ல வச்சுக்கிடலாம் பெரியப்பா"ன்னான். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் இந்தப் பதிவே.

முதல்ல சுவர் விசயத்தைப் பேசிருவோம். மண்ணு வீட்டுல பொறந்து வளர்ந்தவங்க உள்ளே என்ன கலர் வச்சிருந்தாங்கன்னு யாராவது யோசிச்சுப் பார்த்தாங்களா? கரிசல் மண்ணை மட்டும் குழைச்சுப் பூசினா காயும்போதே வெடிச்சிரும். அதனால செம்மண்ணும் ஓடை மணலும் வண்டி கட்டிக் கொண்டாந்து, உமி போட்டு மிதிச்சுப் பூசுவாங்க. வெளிச்சுவர் அந்தப் பழுப்பாத்தான் இருக்கும். ஆனா உள்ள பட்டாசாலை வெள்ளை. தை பொறக்கும் முன்னாடி எங்கம்மா சுண்ணாம்பை ஊற வச்சு, கொஞ்சம் வஜ்ஜிரமும் நீலமும் கலந்து, தேங்கா மட்டையை நசுக்கி அதை வச்சு அடிப்பா. கீழ ஒரு முழத்துக்குக் காவிப் பட்டை. வீட்டுக்கு இருந்தது கை அகலத்துக்கு ஒரே ஜன்னல். அந்த வெளிச்சம் சுவர்ல பட்டுத் திரும்பினாத்தான் அரிசியில கல் பொறுக்க முடியும். நிஜமாவே மண்ணுல வாழ்ந்தவங்க மண்ணு கலரை மறைக்கத்தான் வருசா வருசம் பாடுபட்டாங்க. அதை விலை கொடுத்து வாங்குறது, மண்ணுல ஒரு நாளும் படுத்துப் பார்க்காதவங்க கொண்டுவந்த ஆசை.

நான் மண் வீட்டுக்குத் திரும்பிப் போகச் சொல்லலை. அடைமழைக்கு ஈயச் சட்டியை ஒழுகுற இடத்துல வச்சு, ராத்திரி பூரா முழிச்சிருந்தவன் நான். ஒரு ஐப்பசியில சுவர் சரிஞ்சு ரெண்டு ஆடு செத்துது. கான்கிரீட் வீடு வேணும், கட்டாயம் வேணும். சண்டை அதுக்கு மேல பூசுற பூச்சுலதான்.

ஏன்னா கரிசல் நிலம் சும்மா கிடக்குற நிலம் இல்லை. மழைக்கு உப்பும், கோடைக்குச் சுருங்கும். சித்திரையில காட்டுல கால் இறங்குற அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கும். அதே மண்ணு மேலதான் வீடும் நிக்குது. அஸ்திவாரம் சரியில்லைன்னா ரெண்டாவது கோடையிலேயே ஜன்னல் மூலையில இருந்து சாய்வா ஒரு கீறல் ஓடும். இந்த மாதிரி மண்ணுக்குன்னே, அடியில குடை மாதிரி விரியுற பைல் அஸ்திவாரத்தை ரூர்க்கியில இருக்குற மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் கொண்டுவந்து பல வருசம் ஆச்சு. அதைப் பத்தி எந்த வீடியோவும் வர்றதில்லை. தரைக்குள்ள போற காசு விருந்தாளி கண்ணுக்குத் தெரியாதுல்ல.

அடுத்தது உப்பு. எங்க பக்கம் நிறைய போர் தண்ணி சப்புன்னு இருக்காது, கரிக்கும். அதுல குழைச்ச சாந்து மழைக்காலத்துல உப்புப் பூக்கும். எமல்சன் ஒரு தோல் மாதிரி. உள்ளே இருக்குற ஈரம் வெளியேற வழி தெரியாம அந்தத் தோலைப் பொரிச்சுத் தள்ளும். பொரிஞ்ச இடத்தை மட்டும் ஒட்டுப்போட்டா கலர் சேராது, முழுச் சுவரையும் அடிக்கணும். சுண்ணாம்பு ஈரத்தை விட்டுரும். சின்னக் கீறல்னா அடுத்த பொங்கலுக்கு ஒரு கை அடிச்சா மறைஞ்சிரும். உள்ளங்கையில கொஞ்சம் ஒட்டும், சட்டையில படும், அது நிஜம்தான். அதுக்காக நாப்பத்தஞ்சாயிரமா?

அந்தக் காசு என்னன்னு கணக்குப் போடுங்க. அரசாங்கத்தோட கலைஞர் கனவு இல்லத் திட்டத்துல 360 சதுர அடி வீட்டுக்குக் கொடுக்குறது மூன்றரை லட்சம். அதுல வீடு கட்டின ஒருத்தர் குழுக்கடன் வாங்கி ஹாலுக்குப் பழுப்பு அடிச்சதை என் கண்ணால பார்த்தேன். தரையில டைல்ஸ் போட முடியலை, கக்கூஸுக்குக் கதவு இல்லை, ஆனா சுவர் மட்டும் வீடியோவுல வர்ற மாதிரி. உளுந்து விதைக்கும்போது கையில பணம் இல்லாம அலையுறோம். மக்காச்சோளத்துல படைப்புழு விழுந்தா மருந்துக்குக் கடன். காட்டுப்பன்றி உழக்கினது போக மிச்சம்தான் வீட்டுக்கு வருது. அதைக் கொண்டுபோய்ச் சுவர்ல அப்புறோம்.

"வர்றவங்க என்ன நினைப்பாங்க பெரியப்பா"ன்னு கேக்கான். வர்றவங்க யாரு? சம்பந்தக்காரங்க, மாமன் மச்சினன், சீட்டுக்காரர், விதைக் கடன் கேக்க வர்ற பக்கத்துப் பிஞ்சைக்காரர். இவங்க யாரும் சுவரைப் பார்க்க வர்றதில்லை. உக்கார இடமும் குடிக்கத் தண்ணியும் இருக்கான்னு பார்ப்பாங்க.

சரி, சிலர் ஏற்கனவே பழுப்பு அடிச்சிட்டீங்க. சுரண்டச் சொல்லலை. மேல் தளத்தை வெள்ளையாவே விடுங்க. ஜன்னலுக்கு எதிர்ச்சுவரை மட்டும் வெள்ளையடிங்க, பகல்ல லைட் போட வேண்டியதில்லை. பிளாஸ்டிக் பூத்தொட்டிக்குப் பதிலா பரண்ல தூங்குற கடகப்பெட்டியையும் நார்ப்பெட்டியையும் இறக்கித் துடைச்சு வைங்க. பனையோலை நிறம் பழுப்புச் சுவருக்கு எடுப்பா இருக்கும். சோபா வாங்க வட்டிக்குப் போகாதீங்க, ஒரு பெஞ்சும் பத்தமடைப் பாயும் போதும். காலண்டர் தொங்கட்டும். அமாவாசையும் கரிநாளும் போன்ல பார்க்கத் தெரியாத கிழவி வீட்டுல இருக்கா.

முக்கியமா, போட்டோ. இடைசெவல்ல பொறந்த கி.ரா. கரிசல் வட்டாரச் சொல்லுக்கு அகராதியே போட்டார். பட்டாசாலை, குலுக்கை, மாடக்குழின்னு நாம புழங்குன வார்த்தை எல்லாம் ஒவ்வொண்ணா வீட்டை விட்டுப் போகுது. குலுக்கையை உடைச்சோம், நெல்லு கம்பு சேத்து வைக்க இல்லைன்னு சமாதானம் சொன்னோம். மாடக்குழியை அடைச்சோம், கரண்ட் வந்துருச்சுன்னோம். அதுக்கெல்லாம் காரணம் இருந்துச்சு. பெத்தவங்க படத்தை ஹால்ல இருந்து எடுக்க என்ன காரணம்? சுவர் மூச்சு விடணுமாம். தை மாசம் அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பு அடிச்சு அடிச்சே விரல் இடுக்கெல்லாம் புண்ணாகித் திரிஞ்ச பொம்பளை, உள் ரூம்ல அரிசி மூட்டைக்குப் பின்னாடி இருக்கணுமாம்.

கடையில வச்சு நான் எதுவும் பேசலை. வீட்டுக்கு வந்து அவன்கிட்டச் சொல்லிட்டேன். "உன் வீடு, உன் காசு, எந்தக் கலரும் அடி. எங்கம்மா படத்துக்கு மட்டும் வாசலைப் பார்த்த மாதிரி ஒரு ஆணி அடிச்சு வையி. ஆணி இல்லைன்னா பால் காய்ச்சுக்கு நான் வரலை."

இன்னும் பதில் சொல்லலை. ஆவணியில பால் காய்ச்சு. பார்ப்போம்.