கடைசி யூதரைத் தேடும் பரதேசிகள்

இந்த லீவுக்கு ஊருக்கு வந்தப்போ மூணு நாள் கொச்சிப் பக்கமும் போயிருந்தோம். மட்டாஞ்சேரி ஜூ டவுன். சுக்கு, ஏலக்காய் வாசனை, பழம்பொருள் கடை, விடாம பேரம் பேசுற தங்கமணி... எல்லாம் வழக்கம் போலத்தான். பையன் மட்டும் தெருவோரமா நின்னு போனில் கூகிளாண்டவரிடம் எதையோ வேண்டிக்கிட்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். 'கொச்சியின் கடைசி யூதர் வீடு எங்கே'.

"எதுக்குடா?"

"செல்ஃபி எடுக்கத்தான்ப்பா."

ஓங்கி ஒண்ணு வைக்கலாம்னு கை வந்துச்சு. ஆனா முந்தின ராத்திரி லாட்ஜில் நானும் அதையேதானே தட்டினேன்? பக்கத்துக் கடைக்காரர்கிட்ட பேச்சுக் கொடுத்தேன். வர்றவங்க தினமும் கேக்குறது இதுதானாம். ஒருத்தர் "இன்னும் உயிரோட இருக்காங்களா?"ன்னே கேட்டாராம். அவர் சிரிக்காமத்தான் சொன்னார்.

என்னங்க கேள்வி இது? புலி சரணாலயமா அந்தத் தெரு?

பூத்தையல் கடை வெச்சிருந்த சாரா கோஹன் 2019-ல் 96 வயசில் இறந்தாங்க. கடைசிக் காலத்தில் அவங்களைப் பார்த்துக்கிட்டது ஒரு முஸ்லிம் குடும்பம். 2024 ஆகஸ்டில் குயினி ஹலேகுவா போனப்போ செய்திகளில் எங்கே பார்த்தாலும் 'கடைசி', 'கடைசி'. அவங்க போன பிறகும் அங்கே பரதேசி யூதர் ஒருத்தர் இருந்தார். தண்ணிக்கு அந்தப்பக்கம் எர்ணாகுளத்தில் மலபார் யூதர்கள் இருந்தாங்க. சுற்றுலாக்காரன் கணக்கில் அவங்க வரமாட்டாங்க போல.

அதைவிட முக்கியமா, இவங்க யாரும் அழிஞ்சு போகலை. 1950-களில் கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமா இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தாங்க. நெகேவ் பாலைவனத்தில் நெவாடிம்னு ஒரு ஊரே அவங்களால் நிமிர்ந்தது. பிள்ளைகுட்டி, பேரன் பேத்தின்னு ஆயிரக்கணக்கில் அங்கே இருக்காங்க. நாம டாலஸுக்கும் டொராண்டோவுக்கும் போனா 'செட்டில் ஆயிட்டான்'. அவங்க போனா மட்டும் 'இனம் தீர்ந்துடுச்சு'. என்னய்யா நியாயம்?

சரி, தேடவே கூடாதான்னா, தாராளமா தேடுங்க. உருப்படியா தேடுங்க. 1568-ல் கட்டின அந்த ஜெப ஆலயத்துக்குப் பேரே பரதேசி ஜெப ஆலயம். வேற தேசத்திலிருந்து வந்தவன்னு அர்த்தம். (எங்க தாத்தாவுக்குக் கோவம் வந்தா வாயில் வர்ற முதல் வார்த்தை. இப்போ நிஜமாவே நான் அதான்.) இதைத் தமிழில் தட்டினா 2013-ல் வந்த பாலா படம் முன்னாடி வந்து நிக்குது. அதுவும் பொழைக்கப் போனவங்க கதைதான்.

அடுத்து ஏ.பி. சேலம்னு தேடுங்க. மாம்பழ ஊரைக் காட்டினா விடாதீங்க, ஆப்ரஹாம் பராக் சேலம்னு முழுப் பேரையும் போடுங்க. வக்கீல், காந்தியவாதி. பளிங்கு மாதிரி சீன ஓடு பதிச்ச அதே ஆலயத்தில், அடிமை வம்சம்னு ஒதுக்கப்பட்டவங்க பெஞ்சில் உக்கார முடியாது, தரையிலோ முன்கூடத்திலோதான். சேலமும் அந்த வம்சம். சத்தியாகிரகம் பண்ணித்தான் உரிமையை வாங்கினார். நம்ம ஊர்க் கோயில் வாசல்களை நினைச்சுப் பார்த்தா இந்தக் கதை நமக்குப் புதுசா என்ன?

ஜூ டவுனின் தெற்குக் கோடியில் கடவும்பாகம் ஜெப ஆலயம். அதோட மரவேலைப்பாடெல்லாம் 1991-ல் ஜெருசலேம் மியூசியத்துக்குப் போயிடுச்சு. வெறும் கட்டடம் கோடவுனா கிடந்து, 2019 மழையில் இடிஞ்சு விழுந்துச்சு. அதைத் தேடி ஒருத்தரும் செல்ஃபி ஸ்டிக்கோட ஓடினதாத் தெரியலை.

சாயங்காலம் அம்மாவுக்கு போன் போட்டேன்.

"நம்ம தெருவுல பழைய ஆளுங்க யாரும்மா இருக்கா?"

"நானும் எதிர்வீட்டுப் பெரியம்மாவும்தான். மத்த வீடெல்லாம் பூட்டிக் கிடக்கு. ஏன், யாராவது தேடி வந்தாங்களா?"