மருந்து இருந்தா போடுங்க டாக்டர்!

எங்க புதுக்கோட்டைப் பக்கத்து ஆளுங்க பெருந்தமனி ஆபரேஷனுக்குத் திருச்சிக்கோ மதுரைக்கோ போனா, "உசுருக்கு ஆபத்தில்லையே?"ன்னுதான் கேப்பாங்க. "கால் நடக்குமா?"ன்னும் கேக்கணுங்கறது என் கட்சி.

நெஞ்சுப் பகுதியில் பெருந்தமனிக்குக் கிளாம்ப் போட்டால் தண்டுவடத்துக்குப் போகும் ரத்தம் குறையும், கால்கள் செயலிழக்கலாம். ஸ்டீராய்டு, நலாக்ஸோன், பப்பாவெரின்னு பல மருந்துகளை முயன்று பார்த்துட்டாங்க. இது போதும்னு சொல்ல ஒண்ணுகூட நிரூபணமாகலை.

முதுகில் மெல்லிய குழாய் வைத்துத் தண்டுவட நீரை வடிப்பதற்கு ஆதாரம் இருக்கு. 145 பேரிடம் நடத்தி 2002-ல் வெளியான ஹூஸ்டன் ஆய்வில், வடிக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்குக் கால் பாதிப்பு, வடித்தவர்களில் 2.6 சதவீதம்தான். குழாயாலும் ரத்தக்கசிவு வரலாம், எல்லாருக்கும் ஒத்துவராது.

அதனால, "காசு போனாப் போகுது, நல்ல மருந்தாப் போடுங்க"ன்னு சொல்றதை விடுங்க. கையெழுத்துக்கு முன்னாடி, "தண்டுவடத்தைக் காக்க என்ன செய்யப் போறீங்க?"ன்னு கேளுங்க சாமிகளா!